இன்டர்பெரோன் ஊசியை வீட்டில் நாமே போட்டுக்கொள்வதும் அதன் பக்க விளைவுகளும்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

உரும்பிராயான் (ஐப்பசி 2012)

வணக்கம் உறவுகளே.

இரத்ததான முகாமொன்றில் நான் கொடுத்த இரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் எனக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தது. அதற்கு முன்னர் செங்கமாரியோ வேறெந்த அறிகுறியோ இருந்ததில்லை. வைரஸ் ஜெனோடைப் 3 (அதன் மரபணு வகைகளில் ஒன்று) என்றும், ஈரலில் தழும்பு தொடங்கியிருந்தாலும் ஈரல் முழுவதும் தழும்பேறும் சிரோசிஸ் என்னும் நிலைக்கு அது போகவில்லை என்றும் வைத்தியர் சொன்னார். வாரம் ஒருமுறை 180 மைக்ரோகிராம் பெகிலேற்றட் இன்டர்பெரோன் ஊசியும், நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் ரிபாவிரின் மாத்திரையுமாக 24 வாரச் சிகிச்சை இப்போது தொடங்கியிருக்கிறது. முதல் ஊசிகளைக் கிளினிக்கில் தாதி போட்டுவிட்டார். இனி வீட்டிலேயே போட்டுக்கொள்ளுமாறு கூறி, மருந்து நிரப்பிய ஊசிகளைக் கையில் தந்திருக்கிறார்கள். செய்முறையைக் காட்டியவருக்கு வேலை நெருக்கடி; வரிசையில் எனக்குப் பின்னால் பலர் நின்றதால், கேட்க நினைத்தவற்றில் பாதியைக்கூடக் கேட்க இடமிருக்கவில்லை.

ஊசி போட்ட இரவில் குளிர் பிடித்து, பல்லோடு பல் அடிக்குமளவுக்கு உடம்பு நடுங்குகிறது. மறுநாள் முழுவதும் எலும்பெல்லாம் நோகிறது. நான் ஓர் அலுவலகத்தில் இலிகிதராக இருப்பதால், வியாழன் மாலை ஊசி போட்டால் வெள்ளிக்கிழமை கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி இருக்க நேர்கிறது. நித்திரை குறைந்துவிட்டது, பிள்ளைகள் மீது காரணமின்றி எரிந்து விழுகிறேன். எங்கள் பக்கம் மின்வெட்டு அடிக்கடி வருவதால், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்து குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே பழுதாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, என் வயிற்றில் நானே ஊசி ஏற்றுவதை நினைத்தாலே கை வியர்க்கிறது. மனைவி போட்டுவிடத் தயாராக இருக்கிறாள். ஆனால் தவறுதலாக அவளது விரலில் குத்திவிட்டால் என்ன செய்வது?

இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

---

கோண்டாவில் தாதி (மறுநாள்)

தம்பி, நான் ஓய்வுபெற்ற தாதி என்பதால் ஊசியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் பொறுப்பு.

இந்த ஊசி நரம்பிலோ தசையிலோ போடப்படுவதில்லை. தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புப் படையில்தான் போடப்படுகிறது. எங்கள் ஊரில் எத்தனை சலரோகக்காரர்கள், எழுத்து வாசிக்கக் கண்ணாடி தேடும் வயதிலும், நாள்தோறும் இதே இடத்தில் இன்சுலினைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வாரத்தில் ஒருநாள்தானே.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே போட்டால் மருந்தின் குளிர்ச்சியே எரிவைக் கூட்டும் என்பதால், அதை மேசையில் வைத்துக் குளிர் விடும்வரை பொறுத்திருங்கள். சுடுநீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். மருந்து கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ அதைப் போடாமல் கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபின், தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி வயிற்றில் ஓர் இடத்தையோ, தொடையின் முன்புற வெளிப்பக்கத்தையோ தெரிந்துகொண்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அந்த இடத்தை நன்றாகக் காயவிடுங்கள். ஊசி எரிகிறது என்று பலர் சொல்வது, காயாத ஸ்பிரிட் ஊசியோடு சேர்ந்து உள்ளே போவதால் வருகின்ற எரிவுதான். தோலை இரண்டு விரல்களால் மடித்துப் பிடித்து, ஊசியைத் தயங்காமல் ஒரே வீச்சில் செலுத்துங்கள். பயந்து பயந்து மெல்ல ஏற்றுவதுதான் நோவைத் தரும். உள்ளே போனபின்னர் அவசரம் எதுவும் இல்லை: மருந்தை மெதுவாகத் தள்ளி முடித்து, சற்றுப் பொறுத்து, போன கோணத்திலேயே ஊசியை வெளியே எடுத்து, உலர்ந்த பஞ்சால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது.

ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். போட்ட இடம் சிவந்து சில நாட்கள் தடித்திருப்பது வழக்கமானதுதான். ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சூடேறிச் சீழ் வைத்தாலோ காட்ட வேண்டும்.

மனைவியின் விரல் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. குத்துக்காயங்களில் பெரும்பகுதி, ஊசி போட்டு முடித்தபின் மூடியைத் திரும்பப் போட முயலும்போதுதான் நடக்கிறது. ஆகவே மூடியைத் தொடாதீர்கள். திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே ஊசி போடுங்கள். எடுத்த கையோடு அதற்குள் போட்டுவிடுங்கள். போத்தல் முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி வைத்தியசாலையில் ஒப்படையுங்கள். எங்களது வளவுகளில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவதும் கிடங்கில் போட்டு மூடுவதும் வழக்கம்; இந்த ஊசிகளுக்கு அது ஆகாது. பந்து பொறுக்கப் போகும் பிள்ளையின் காலில் ஏறினால் என்ன செய்வீர்கள்? அப்படி யாருக்காவது குத்துப்பட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யுங்கள்.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். கதவுத் தட்டிலும், ஐஸ் உறையும் பகுதிக்கு நேர் கீழேயும் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு நல்லதாகவே தெரியும், ஆனால் அதைப் போடக் கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி நான்கு மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும். அதற்கு மேல் நீளுமென்றால், மீன்காரர் ஐஸ் கொண்டுவரும் றெஜிபோம் பெட்டி போன்ற ஒன்றில் ஐஸைப் பொலித்தீன் பைக்குள் கட்டிப் போட்டு, மேலே தடித்த துவாயை விரித்து, அதன்மேல் மருந்தை வையுங்கள். ஐஸில் நேராக முட்டக் கூடாது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் மருந்தைக் கொண்டு போய் வருபவர்களுக்கும் இதே முறைதான்.

கடைசியாக, ஊசி நாளை வெள்ளி இரவுக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சல் சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் எழும்பும் என்பதால் அதன் உச்சம் நித்திரையிலும் சனிக்கிழமையிலும் கழிந்துவிடும். ஊசிக்கு அரை மணித்தியாலம் முன்னதாக ஒருமுறை பனடோல் (பரசிற்றமோல்) எடுத்துக்கொள்வது பலருக்கு உதவுகிறது. ஆனால் ஈரல் நோயுள்ளவர்கள் பொதுவாக ஒருநாளில் 2 கிராமுக்கு மேற்போகக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. தடிமன் மாத்திரைகளிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், சேர்த்து எண்ணுங்கள்.

---

ஸ்காபறோவாசி (அதே வாரம்)

கோண்டாவில் அக்கா ஊசியைப் பற்றி எழுதியதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. நான் ரொறன்ரோவில் இதே மருந்தை 48 வாரங்கள் எடுத்தவன். என்னுடையது ஜெனோடைப் 1 என்பதால் நீண்ட காலம், அப்படியும் குணமாகும் வாய்ப்புப் பாதிக்குப் பாதிதான் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். உங்கள் ஜெனோடைப் 3க்கு வாய்ப்பு அதைவிட நன்றாகக் கூடியது.

என் அனுபவத்தில் ஊசி ஒரு பொருட்டே அல்ல. உடம்பும் சில வாரங்களில் காய்ச்சலுக்குப் பழகிவிடும்; நடுக்கம் வரவரக் குறையும். மனம்தான் எதிர்த் திசையில் போகும். முதல் மாதம் நன்றாக இருந்துவிட்டு, மூன்றாம் மாதமளவில், எதிலும் பற்றில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நிலைக்கு வந்தேன். இது குணக்கேடும் அல்ல, மனத்தைரியக் குறைவும் அல்ல. இன்டர்பெரோன் மூளையின் இரசாயனங்களைக் குழப்புவதால் வரும், நன்கு அறியப்பட்ட விளைவு. எரிச்சலும் நித்திரையின்மையும் பெரும்பாலும் அதன் முதல் அடையாளங்கள். ஆகவே உங்கள் மனைவியிடம், 'என்னில் என்ன மாற்றம் கண்டாலும் எழுதி வை, கிளினிக்குக்கு நீயும் வந்து சொல்' என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியர் கேட்கும்போது நம் ஆண்கள் எல்லோரும் 'ஓம், சுகமாக இருக்கிறேன்' என்றுதான் சொல்வோம். மன அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள்; எனக்கு அது இல்லாமல் சிகிச்சையை முடித்திருக்க முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஊசிக்கு மறுநாளில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைக் கையில் எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அந்த ஒரு மாற்றத்தால் வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

ரிபாவிரினைச் சாப்பாட்டோடு எடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், மருந்தும் குறைவாகவே உடம்பில் சேரும். மாலை மாத்திரையைப் படுக்கைக்குப் போகும் நேரத்துக்குத் தள்ளாமல், பிட்டோ இடியப்பமோ இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாகவே உண்டு அதனோடு எடுத்தால் நித்திரை கொஞ்சமாவது கிடைக்கும். வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவை வரும்; உணவில் தேசிக்காய்ப் புளி கூடச் சேர்த்தால் அது மறையும். ஒரேயடியாகச் சாப்பிட முடியாவிட்டால் கஞ்சி, மோர், சொதி என்று சிறுகச் சிறுக உட்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலையிடி குறையும். தோல் வரண்டு சொறியும் என்பதால் குளித்தவுடன் ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுங்கள். தலைமயிர் மெலியும்; சிகிச்சை முடிந்து சில மாதங்களில் திரும்பி வரும். வறட்டு இருமல் ஒன்றும் கூடவே வரும், அது ரிபாவிரினுடையது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிபாவிரின் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். மருந்து எடுப்பவர் ஆணாக இருந்தாலும், சிகிச்சைக் காலத்திலும் அது முடிந்து குறைந்தது ஆறு மாதங்களுக்கும் மனைவி கருத்தரிக்கக் கூடாது. கிளினிக்கில் கூச்சத்தால் இருபக்கமும் இதைப் பேசாமல் விட்டுவிடுவதுண்டு.

---

உரும்பிராயான் (கார்த்திகை 2012)

அக்காவுக்கும் அண்ணைக்கும் என் மனமார்ந்த நன்றி. ஊசியை இப்போது வெள்ளி இரவுகளில் நானே போட்டுக்கொள்கிறேன். ஸ்பிரிட் காயும்வரை பொறுத்தாலே எரிவு அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது. சனிக்கிழமை காலை ஊசி போட்ட இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவப்பு இருக்கும். ஒரு வாரத்துக்குள் மங்கிவிடுகிறது.

புதிதாக ஒரு கவலை. ஈமோகுளோபின் 14.2 இலிருந்து 10.9க்கு இறங்கிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்மா நாள்தோறும் முருங்கையிலை வறையும் கீழ்க்காய்நெல்லிச் சாறும் தருகிறா. இரும்புச்சத்து ரொனிக் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறா. இவற்றை எடுக்கலாமா? இன்னொரு கேள்வி: உடற்சூட்டைத் தணிக்கப் பனங்கள்ளு நல்லது, அது சாராயம் போல அல்ல என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள்.

---

மருந்தாளர் (கார்த்திகை 2012)

கள்ளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மரத்திலிருந்து இறங்கினாலும் போத்தலிலிருந்து இறங்கினாலும் மதுசாரம் ஒன்றுதான். வைரஸ் ஏற்கெனவே சேதப்படுத்திக்கொண்டிருக்கும் ஈரலுக்கு அது இரண்டாவது அடி. சூடு தணிய வேண்டுமென்றால் இளநீர் இருக்கிறது.

இரத்தக்குறைவைப் பற்றி உங்கள் அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ரிபாவிரின் சிவப்பணுக்களுக்குள் சேர்ந்து அவற்றை ஆயுளுக்கு முன்னரே உடைத்துவிடுகிறது. இன்டர்பெரோனோ எலும்பு மச்சையில் புதிய அணுக்கள் உருவாவதை மந்தப்படுத்துகிறது. இரும்பு போதாமையால் வந்த இரத்தக்குறைவு அல்ல இது. உடைந்த அணுக்களின் இரும்பு உடம்பிலேயே தங்கியிருக்கிறது. பரிசோதனையில் இரும்புக் குறைபாடு தெரியாமல் ரொனிக் குடித்தால், மேலதிக இரும்பு போய்ச் சேருமிடம் அதே ஈரல்தான். ஆகவே ரொனிக்கை மூடி வையுங்கள். முருங்கையிலை வறை உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். கீழ்க்காய்நெல்லி இந்த வைரசை அழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிகிச்சையின் நடுவில் ஈரல் பரிசோதனையின் பெறுமானங்கள் மாறினால் மருந்தால் மாறியதா சாறால் மாறியதா என்று வைத்தியர் குழம்ப நேரும் என்பதால், அவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

இதய நோயில்லாதவர்களுக்கு ஈமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ரிபாவிரின் அளவைக் குறைப்பார்கள், 8.5க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். இதய நோய் இருந்தால் இந்த எல்லைகள் இன்னும் கடுமையானவை. மூச்சு வாங்குவதை அடுத்த கிளினிக்வரை வைத்திராமல் இப்போதே அறிவியுங்கள். நெஞ்சுநோவோ மயக்கமோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ விடவோ கூடாது. ஊசியொன்று தவறிவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகப் போடவும் கூடாது. கிளினிக்கைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வெள்ளை அணுக்களிலும், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களிலும் இன்டர்பெரோன் கை வைக்கும். சிறுதட்டுக்கள் 50,000க்குக் கீழே போனால் ஊசியின் அளவைக் குறைப்பதும், 25,000க்குக் கீழே நிறுத்துவதும் வழமை. இதை இந்த மாதத்தில் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு டெங்கு எழும்பும் காலம் இது. வாராவாரம் காய்ச்சல் வந்து பழகியவர், டெங்குக் காய்ச்சலையும் 'ஊசிக் காய்ச்சல்தானே' என்று பனடோலோடு படுத்துவிடக் கூடும். ஏற்கெனவே சிறுதட்டுக்கள் குறைந்த உடம்பில் அது பேராபத்து. ஊசிக் காய்ச்சல் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்க வேண்டும். அதைத் தாண்டி நீடித்தாலோ, ஊசிக்குத் தொடர்பில்லாத நாளில் தொடங்கினாலோ, பல்முரசில் இரத்தம் கசிந்தாலோ, உடனே போய் இரத்தம் பரிசோதியுங்கள். இன்டர்பெரோன் எடுப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். இபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற நோமாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள்.

தைரொயிட் பரிசோதனை செய்தார்களா என்றும் கேட்டுவையுங்கள். இன்டர்பெரோன் அதையும் குழப்பும். களைப்பு, மயிர் உதிர்தல், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

---

கோண்டாவில் தாதி (கார்த்திகை 2012)

ஒரு சிறு சேர்க்கை, தம்பி. சவர அலகு, பல்தூரிகை, நகம்வெட்டி ஆகிய மூன்றையும் தனியாக வையுங்கள். கோப்பை, பீங்கான், துவாய், ஒரே பானைச் சோறு, பிள்ளைகளை மடியில் வைத்திருப்பது, இவற்றால் இது தொற்றாது. தட்டைத் தனியாக வைத்துத் தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டவர்களை வாட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்; அதற்கு ஒரு தேவையும் இல்லை.

---

வடமராட்சி மகள் (மாசி 2019)

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்க வேண்டும். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி என்று சொன்ன இரவு தேடியபோது இந்தப் பக்கம்தான் முதலில் வந்தது. வாசித்துவிட்டு, எழுபது வயதுக்காரர் இதையெல்லாம் எப்படித் தாங்குவார் என்று பயந்துபோனேன். ஆனால் வைத்தியர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் 12 வாரங்கள் என்று மட்டும் சொன்னார். அது சரியானதுதானா? வசதியில்லாதவர்களுக்குக் கொடுக்கும் குறைந்த சிகிச்சையோ என்று அப்பா சந்தேகப்படுகிறார்.

---

மருந்தாளர் (மாசி 2019)

மகள், அது குறைந்த சிகிச்சை அல்ல, மேலே நாங்கள் எழுதியதைவிடப் பன்மடங்கு சிறந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சோபொஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் வெல்பட்டஸ்விர், டக்ளட்டஸ்விர் போன்றவற்றோடு அதைச் சேர்த்து எடுக்கும் முறை வந்து, இன்டர்பெரோன் இந்த நோய்க்கு அநேகமாக வழக்கொழிந்தே போய்விட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த மாத்திரைகளையே பரிந்துரைத்திருக்கிறது. இன்டர்பெரோன் உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டு வேலை செய்தது, அதனால்தான் அந்தக் காய்ச்சலும் நடுக்கமும். மாத்திரைகளோ வைரஸ் பெருகுவதற்குத் தேவையான புரதங்களையே நேரடியாகத் தடுக்கின்றன. குணமாவோர் 100க்கு 95 பேர் அளவில். சிறிது தலையிடியும் களைப்பும் தவிரப் பெரும்பாலானவர்களுக்கு வேறொன்றும் வராது. மேலே உள்ளவற்றில் ஊசி தொடர்பானவை அனைத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டாமல் விட்டுவிடலாம். கள்ளும் சவர அலகும் மட்டும் அப்படியே பொருந்தும்.

எழுபது வயது என்பதால் அவர் எடுக்கும் மற்ற மருந்துகளின் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்குச் சோபொஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். வலிப்புக்கு எடுக்கும் பெனிற்றோயின், கார்பமசெபின் ஆகியவையும், காசநோய்க்கான ரிபம்பிசினும் இந்த மாத்திரையின் பலனைக் கெடுக்கும். வெல்பட்டஸ்விர் சேர்ந்த மாத்திரை என்றால், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் மருந்தும் அது உடம்பில் சேருவதைக் குறைக்கும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று தொடங்குமுன் பரிசோதித்திருக்க வேண்டும், ஏனெனில் சி அடங்கும்போது மறைந்திருந்த பி எழும்பக்கூடும்.

மாத்திரை முடிந்து 12 வாரங்களின் பின் செய்யும் வைரஸ் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் குணமாகிவிட்டது என்று கொள்ளலாம். சிரோசிஸ் ஏற்கெனவே இருந்தால், வைரஸ் போனபின்னரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கான் செய்ய வேண்டும். அந்த இறுதி அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்: நோய் போனாலும், வைரசுக்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்புடல் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால், எதிர்ப்புடலை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் அவர் தொடர்ந்து தொற்றுள்ளவர் போலவே தெரிவார், அப்போது காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.